காமரங்காய் ஜூஸும் எங்கள் வாப்பாவும்: ஆளைப் பார்க்காமல் கொடுக்கும் கஷாயம் ஆயுர்வேதம் ஆகுமா?

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். இடையில் கோபம் வந்தால் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு கிழமை இருக்கும். ஒரு நாள் அஸருக்குப் பிறகு எங்கள் வாப்பாவுக்கு விக்கல் எடுக்கத் தொடங்கியது. தண்ணீர் குடிக்கக் கொடுத்தோம். சீனி கொஞ்சம் வாயில் போடச் சொன்னோம், பிறகு சீனி வருத்தக்காரர் என்று நினைவு வந்து நிறுத்தினோம். இஷாவுக்கும் நிற்கவில்லை. இரவு முழுக்க விக்கினார். சுபஹுக்கு எழுப்பியபோது பேச்சு குழறியது. உம்மாவைப் பார்த்து "நீ யாரு புள்ள?" என்று கேட்டார். உம்மா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். வார்டில் ஒரு இளம் டொக்டர். கிளினிக் கொப்பியைப் புரட்டினார், விக்கல் எப்போது தொடங்கியது என்று கேட்டார். அடுத்த கேள்வி இதுதான்: "இந்தக் கிழமை புதுசா என்ன குடிச்சார்? காமரங்காய் ஏதும் குடுத்தீங்களா?"

கொடுத்திருந்தோம். நான்கு நாட்களாக, விடிய வெறும் வயிற்றில், ஒரு பெரிய கிளாஸ். சீனி வருத்தத்துக்குக் காமரங்காய் ஜூஸ் நல்லது, "ஆயுர்வேத முறை, பக்கவிளைவே இல்லை" என்று எங்கள் ஆசிரியர் வட்ஸ்அப் குழுமத்துக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அதை நாங்கள் வாசித்தோம், நம்பினோம், இன்னும் மூன்று குழுமங்களுக்கு அனுப்பினோம். வளவில் மரம் நிற்கிறது. பறித்துப் பிழிந்து, வாப்பாவின் கையில் கொடுத்ததும் நாங்கள்தான். விஞ்ஞானம் படிப்பிக்கிற வீடு இது.

காமரங்காயில், சிலர் நட்சத்திரப் பழம் என்பார்கள், ஒக்சலேட் மிக அதிகம். அதோடு நரம்பைத் தாக்கும் ஒரு நச்சுப் பொருளும் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவர் எப்போதாவது ஒரு பழம் சாப்பிட்டால் அது பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். சிறுநீரகம் பழுதானவரின் உடம்பில் அது தேங்கிவிடும். நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, சில வேளை மரணம். வெறும் வயிற்றில் நிறையக் குடித்தால் நல்ல சிறுநீரகத்துக்கும் ஆபத்து உண்டு. இலங்கையிலேயே இப்படிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அது தெரியாது. வாப்பாவின் கிளினிக் கொப்பியில் கிரியேட்டினின் கூடிக்கொண்டு போவது எழுதியிருந்தது. அதை மாதா மாதம் கையில் தூக்கிக்கொண்டு போன எங்களுக்கு அதுவும் தெரியாது.

டயலிசிஸ் செய்தார்கள். பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தார். அல்ஹம்துலில்லாஹ், ஆளை எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. சிறுநீரகம் முன்பிருந்த அளவுக்குத் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி, "இந்த நாட்டு மருந்தெல்லாம் பொய், தொடவே கூடாது" என்றது. மற்றக் கட்சி, "நாங்களும் அதைத்தான் குடிக்கிறம், எங்களுக்கு ஒண்டும் ஆகல்லையே, டொக்டர்மார் சும்மா பழி போடுறாங்க" என்றது. பக்கத்து வீட்டுக் காக்கா உண்மையாகவே அந்த ஜூஸைக் குடித்தவர், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு கட்சியும் ஒரே இடத்தில்தான் பிழை விடுகிறது என்பது எங்கள் கருத்து. ஒரே பழம், ஒரே கிளாஸ், இரண்டு உடம்பு. ஒன்று தாங்கியது, மற்றது தாங்கவில்லை. மருந்து யாருடைய உடம்புக்குள் போகிறது என்று பார்ப்பதுதான் ஆயுர்வேதத்தின் முதல் பாடம். எங்களுக்கு வந்த செய்தியில் ஆயுர்வேதம் என்ற பெயர் இருந்தது, அந்தப் பாடம் இல்லை.

எங்கள் சின்ன வயதில் ஊரில் ஒரு பரிசாரியார் இருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அப்படி ஒருவரை ஞாபகம் இருக்கும். காக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நாளில் இருமல் என்று உம்மா இரண்டு பேரையும் கூட்டிப் போவார். ஒரு போத்தல் மருந்தை வாங்கி இருவருக்கும் பகிர்ந்து கொடுக்கலாம் என்பது உம்மாவின் கணக்கு. பரிசாரியார் விடமாட்டார். கையைப் பிடித்து நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்ப்பார். "ராவைக்கு இருமல் கூடவா, விடியக்கூடவா? சளி மஞ்சளா வெள்ளையா? வயிறு இளக்கமா கட்டலா? நேத்து என்ன திண்டான்?" கேள்வி முடிய கால் மணித்தியாலம் போகும். கடைசியில் காக்காவுக்கு ஒரு மருந்து, தம்பிக்கு வேறு மருந்து. ஒரு தடவை காக்காவுக்கு மருந்தே தரவில்லை. "இவனுக்கு மூணு நாளைக்கு ஐஸ்பழம் குடுக்காதீங்க, போதும்" என்று அனுப்பிவிட்டார்.

அவர் கொடுத்த மருந்தெல்லாம் வேலை செய்ததா என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பாதி இருமல் தானாகவே மாறியிருக்கும். நாங்கள் சொல்வது அந்தக் கேள்விகளைப் பற்றி. காலில் வீக்கம் இருக்கிறதா, சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்காமல் அவர் எந்த முதியவருக்கும் ஒரு இலையைக்கூட அரைத்துக் கொடுத்ததில்லை. அவர் உயிரோடு இருந்து, வாப்பாவுக்குக் காமரங்காய் கொடுக்கலாமா என்று போய்க் கேட்டிருந்தால், முதலில் வாப்பாவின் காலைத்தான் பார்த்திருப்பார். கால் வீங்கித்தான் இருந்தது.

ஆயுர்வேத நூல்களைத் திறந்தாலும் இதுதான். சரக சம்ஹிதை மருந்தை முடிவு செய்யும் முன் நோயாளியிடம் பத்து விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது. பிறவி உடல்வாகு, இப்போது ஏற்பட்டிருக்கும் கோளாறு, உடற் தாதுக்களின் தரம், உடற்கட்டு, உடல் அளவுகள், பழகிப்போன உணவு, மனத்திடம், உண்டு செரிக்கும் சக்தி, உழைக்கும் சக்தி, வயது. வாதம், பித்தம், கபம் என்ற மூன்றும் ஆளுக்கு ஆள் வேறு விகிதத்தில் இருக்கும் என்பது அந்த முறையின் அடிப்படை. சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு: நாடி, தொட்டறிதல், நாக்கு, நிறம், குரல், கண், மலம், சிறுநீர்.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான யூனானியிலும் இதே கதைதான். பெயரிலேயே கிரேக்கம் இருக்கிறது. யூனான் என்றால் கிரேக்க நாடு. ஹிப்போகிரட்டீஸ், காலன் ஆகியோரின் மருத்துவம் அரபு மொழிக்கு வந்து, இப்னு ஸீனா போன்றவர்களின் கையில் வளர்ந்து, இந்தியா வழியாகவும் கடல் வழியாகவும் எங்கள் கரைக்கு வந்தது. அங்கே நான்கு கலப்புகள் என்பார்கள்: தம் என்ற இரத்தம், பல்ஙம் என்ற சளி, ஸஃப்ரா என்ற மஞ்சள் பித்தம், ஸவ்தா என்ற கரும்பித்தம். இவற்றால் அமைகிற ஒவ்வொருவரின் தன்மைக்கு மிஸாஜ் என்று பெயர். மிஸாஜ் பார்க்காமல் ஹகீம் மருந்து எழுத மாட்டார். அப்பாஸிய காலத்து பக்தாதில் இந்திய மருத்துவ நூல்கள் அரபுக்கு மொழிபெயர்க்கப்பட்டன. ஒன்பதாம் நூற்றாண்டில் அலீ இப்னு ரப்பான் அத்தபரீ எழுதிய ஃபிர்தவ்ஸுல் ஹிக்மாவில் இந்திய மருத்துவத்துக்கே ஒரு பகுதி இருக்கிறது. அவர்கள் ஒருவரிடம் ஒருவர் படித்தார்கள். "அது அவங்கட வைத்தியம், இது எங்கட வைத்தியம்" என்ற சண்டை நமக்குத்தான்.

நம் நாட்டுச் சட்டமும் இவற்றை ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தில் ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள் சித்தம், யூனானி, சிங்கள தேசிய சிகிச்சை எல்லாம் அடங்கும். கொழும்பில் 1929 இல் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றும் படிப்பிக்கப்பட்டன. கண்டி மன்னர்களுக்கு வைத்தியம் பார்த்த முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. மிஹிந்தலைக்குச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்கள் அங்குள்ள பழைய வைத்தியசாலையின் கல் மருந்து ஓடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். ஒரு மனிதன் படுக்கிற அளவுக்கு, மனித உருவத்திலேயே கல்லைக் குடைந்திருக்கிறார்கள். ஒரு ஆளுக்கென்று செய்த இடம் அது.

அந்த மரபு இப்போது எப்படி இருக்கிறது? ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் வானின் பின்கதவைத் திறந்து வைத்து ஒரே போத்தலை எல்லாருக்கும் விற்கிறார்கள். சீனி, பிரஷர், மூட்டுவலி, பிள்ளையில்லாக் குறை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு போத்தல்தான். யூடியூப்பில் ஒருவர் கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரே கஷாயம் சொல்கிறார். இணையத்தில் "உங்கள் தோஷம் எது?" என்று பத்துக் கேள்வி. பதில் எதைச் சொன்னாலும் கடைசியில் அவர்கள் விற்கிற தூளில்தான் போய் நிற்கிறது.

2020 டிசம்பரை மறக்க முடியுமா? கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்த பாணி ஒன்றைக் கொவிட்டுக்கு மருந்து என்றார். நாடே திரண்டு போய் வரிசையில் நின்றது. கொவிட் காலத்தில், ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டு. அரசியல்வாதிகள் கமரா முன்னால் குடித்தார்கள். அடுத்த மாதமே, அதைக் குடித்த அப்போதைய சுகாதார அமைச்சருக்கே கொவிட் தொற்றியது. வயது கேட்காமல், வருத்தம் கேட்காமல், சீனி வருத்தக்காரருக்கும் தேன் பாணி கொடுத்த அந்த வரிசையில் ஆயுர்வேதம் எங்கே இருந்தது?

நம் சமூகத்துக்குள்ளும் ஒன்று இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். கருஞ்சீரகம். அதைப் பற்றிய நபிமொழியை நாம் மதிக்கிறோம், நம்புகிறோம். ஆனால் அதற்கு விளக்கம் எழுதிய அல்கத்தாபீ போன்ற முற்கால அறிஞர்கள், அந்தப் பொதுவான வார்த்தை குறிப்பிட்ட தன்மையுள்ள நோய்களைக் குறிக்கிறது என்று விளங்கியிருக்கிறார்கள். ஆளையும் நோயையும் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று அந்த நபிமொழியைப் போத்தலில் ஒட்டி, இன்சுலினை நிறுத்தச் சொல்லி விற்கிறார்கள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவர் அதனால் வரும் தீங்குக்குப் பொறுப்பாளி என்ற கருத்திலும் ஒரு நபிமொழி உண்டு. அது எந்தப் போத்தலிலும் ஒட்டப்படுவதில்லை. வட்ஸ்அப்பில் மருந்து அனுப்பிய நாமும் அதற்குள் வருவோமோ என்று அந்தப் பதினொரு நாளும் யோசித்தோம்.

இனி மறுபக்கம். ஆயுர்வேதம் ஆளைப் பார்க்கிறது என்று புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் நாங்கள் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

ஆளைப் பார்ப்பது வேறு, பார்த்தது சரியாக இருப்பது வேறு. வாதம், பித்தம், கபத்தை எந்த இரத்தப் பரிசோதனையிலும் அளந்து காட்ட முடியாது. ஒரே ஆளைப் பல ஆயுர்வேத வைத்தியர்களிடம் காட்டிச் செய்த ஆய்வுகளில் அவர்களுடைய முடிவுகள் எப்போதும் ஒத்துப்போகவில்லை. ஹைதராபாத்தில் உள்ள ஆய்வு நிலையம் ஒன்றும் வேறு நிறுவனங்களும் சேர்ந்து 2015 இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. 3,416 ஆண்களைப் பார்த்து, உடல்வாகு தெளிவாகத் தெரிந்த 262 பேரைத் தெரிவு செய்து, மரபணுவில் வித்தியாசம் இருக்கிறதா என்று தேடினார்கள். சில தொடர்புகள் தெரிந்தன. சுவாரசியமானது, ஆனால் தொடக்கம் மட்டுமே. அதை வைத்து "விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று போஸ்டர் போடுவது எங்கள் தரம் 9 பிள்ளைகளிடம்கூட எடுபடாது.

"ஒவ்வொருவருக்கும் வேறு வேறு மருந்து கொடுக்கிறோம், அதனால் எங்கள் வைத்தியத்தைச் சோதிக்கவே முடியாது" என்று சிலர் சொல்வார்கள். அது சாட்டு. சோதிக்கலாம். கோயம்புத்தூரில் முடக்குவாத நோயாளிகள் 43 பேரிடம் ஓர் ஆய்வு செய்து 2011 இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஆயுர்வேதம், ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற ஆங்கில மருந்து, ஒரு பிரிவுக்கு இரண்டும். ஆயுர்வேத வைத்தியர் ஒவ்வொருவருக்கும் அவரவர் உடம்பைப் பார்த்தே மருந்து எழுதினார். ஆனால் யாருக்கு உண்மை மருந்து, யாருக்குப் போலி மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறின. 43 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை, பெரிய ஆய்வு தேவை. ஆனால் ஆள் பார்த்துக் கொடுக்கும் மருந்தையும் நேர்மையாகச் சோதிக்கலாம் என்பதற்கு வழி இருக்கிறது. இப்னு ஸீனாவே அல்கானூனில் ஒரு மருந்தை எப்படிச் சோதிப்பது என்று நிபந்தனைகள் எழுதி வைத்திருக்கிறார். மிருகத்தில் வேலை செய்தது மனிதனில் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது என்பதும் அதில் ஒன்று. ஆயிரம் வருடத்துக்கு முந்திய மனிதர் கேட்ட ஆதாரத்தை இன்று நாம் கேட்டால் மரபுக்கு எதிரி என்கிறார்கள்.

இயற்கை என்றால் ஆபத்தில்லை என்பதும் சரியல்ல. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்க ஆய்வாளர்கள் வாங்கிப் பரிசோதித்து 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. வேலை செய்கிற மூலிகைகளிலும் கவனம் வேண்டும். நம் நாட்டு கொத்தலஹிம்புட்டு சீனியைக் குறைக்க உதவுகிறது என்று இலங்கையிலேயே செய்த ஒரு நல்ல ஆய்வு 2005 இல் வந்தது. நல்ல விடயம். ஆனால் சீனியைக் குறைக்கும் குளிசை ஏற்கெனவே குடிப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் அதையும் சேர்த்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழலாம். மூலிகைக்குச் சக்தி இருக்கிறது என்று நம்புகிறவர், அது தீங்கு செய்யும் சக்தியாகவும் இருக்கலாம் என்பதையும் நம்ப வேண்டும்.

ஆங்கில வைத்தியம் ஆளைப் பார்ப்பதே இல்லை என்பதும் அநியாயம். இரத்தம் ஏற்றும் முன் வகை பார்க்கிறார்கள். வார்ஃபரின் குடிப்பவருக்கு இரத்தம் பரிசோதித்துப் பரிசோதித்துத்தான் அளவு முடிவாகும், ஒருவருடைய அளவு மற்றவருக்குச் சரிவராது. வாப்பாவின் மெற்ஃபோமின் அளவைச் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துத்தான் குறைத்தார்கள். குறைபாடு நேரத்தில்தான் இருக்கிறது. விடிய ஐந்து மணிக்கு இலக்கம் எடுத்து, பதினொரு மணிக்கு உள்ளே போனால், டொக்டருக்கு முன்னால் கிடைப்பது இரண்டு நிமிடம். அவருக்குப் பின்னால் நூறு பேர். கிரியேட்டினின் என்றால் என்ன, எதைச் சாப்பிடக் கூடாது என்று விளக்க அவருக்கு நேரமில்லை, கேட்க எங்களுக்குத் துணிவில்லை. ஆறுதலாகக் கேட்கிற ஒருவரைத் தேடித்தான் சனம் கஷாயக்காரரிடம் போகிறது. அதை மூடநம்பிக்கை என்று சிரிப்பது சுலபம்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. "கஷாயம் குடிச்சன் எண்டு சொன்னா டொக்டர் ஏசுவார்" என்று ஒளிக்கிறார்கள். பரிசாரியாரிடம் போய் "இங்கிலீஸ் குளிசை குடிக்கிறன்" என்பதையும் ஒளிக்கிறார்கள். இரண்டு பக்கமும் பாதி ஆளைத்தான் பார்க்கிறது. டொக்டர்மாரிடம் ஒரு வேண்டுகோள்: ஏசாமல் கேளுங்கள். வாப்பாவின் டொக்டர் எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் நாங்கள் பயத்தில் "ஒண்டும் குடுக்கல்ல" என்று சொல்லியிருப்போமோ என்னவோ.

வாப்பா தேறிய பிறகு, உம்மாவின் பிடிவாதத்தால் அரசாங்க ஆயுர்வேத மருந்தகத்தில் வேலை செய்யும் ஒரு யூனானி வைத்தியரிடம் போனோம். பட்டம் பெற்றவர், எங்கள் மாணவியின் வயதுதான் இருக்கும். மருந்து கேட்டோம். அவர் முதலில் கிளினிக் கொப்பியைக் கேட்டார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார், கடைசி இரத்த அறிக்கையைத் தனியாக எடுத்து வைத்தார். வாப்பாவின் காலை அழுத்திப் பார்த்தார். நித்திரை, சாப்பாடு, மலம், சிறுநீர், தொழுகைக்கு நிற்க முடிகிறதா, மனம் எப்படி இருக்கிறது என்று எல்லாம் கேட்டார். வாப்பா மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு வைத்தியரிடம் வாய் திறந்து பேசினார். முடிவில் அவர் சொன்னது:

"வாப்பாக்கு இப்ப நான் உள்மருந்து ஒண்டும் தரமாட்டன். இந்தக் கிட்னிக்கு எந்த மூலிகையும் பாரமாத்தான் இருக்கும். கிளினிக்க விடாதீங்க. சாப்பாட்டை மட்டும் அங்க உள்ளவங்கள்ட்ட கேட்டு ஒழுங்காக்குவம். கால் நோவுக்கு வெளியால பூச எண்ணெய் தாறன்."

உம்மாவுக்கு ஏமாற்றம். எங்களுக்கு அந்தப் பழைய பரிசாரியாரின் ஐஸ்பழ வைத்தியம் ஞாபகம் வந்தது. மருந்து தரக் கூடாத ஆள் யார் என்று தெரிந்தவர்தான் ஆளைப் பார்க்கிற வைத்தியர்.

ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதல்ல. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பாடம் ஒன்றுதான். ஆனால் ஒரு பிள்ளை ஏன் கணக்குப் பிழை விடுகிறது என்று பார்த்தால் ஒன்றுக்குக் கண் தெரியவில்லை, ஒன்று காலையில் சாப்பிடவில்லை, ஒன்றின் வீட்டில் இரவெல்லாம் சண்டை. நாற்பது பேருக்கும் ஒரே பிரம்பு என்பது படிப்பித்தல் ஆகாது. நாற்பது பேருக்கும் ஒரே கஷாயமும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் இப்போது சில ஒழுங்குகள் வைத்திருக்கிறோம். உங்களுக்கும் உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. வைத்தியர் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு செய்தவரா என்று கேட்போம். பதிவு இலக்கம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. உண்மையான வைத்தியர் சந்தோஷமாகச் சொல்வார்.

2. கேள்வி கேட்காமல் மருந்து தருகிறவரிடம் மருந்து வாங்க மாட்டோம். வான், யூடியூப், வட்ஸ்அப் எல்லாம் இதற்குள் அடங்கும்.

3. எந்த வைத்தியரிடம் போனாலும் கிளினிக் கொப்பியும், வீட்டில் குடிக்கிற எல்லா மருந்தும் ஒரே பையில் வரும். கஷாயமும் குளிசையும் ஒன்றையொன்று தெரிந்திருக்க வேண்டும்.

4. டொக்டர் எழுதிய குளிசையையோ இன்சுலினையோ அவரிடம் கேட்காமல் நிறுத்த மாட்டோம். "நிறுத்துங்கள்" என்று சொல்கிற போத்தல்காரரிடமிருந்து உடனே எழும்பி வந்துவிடுவோம்.

5. சிறுநீரகம், ஈரல் பழுதானவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், சின்னப் பிள்ளைகள் விடயத்தில் "மூலிகைதானே" என்ற சொல்லே வீட்டில் கிடையாது.

6. சீனி வருத்தம், பிரஷர் உள்ள பெரியவரின் கடைசிக் கிரியேட்டினின் அளவு வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதத் தேவை வந்திருக்காது.

நாம் ஆயுர்வேதத்துக்கோ யூனானிக்கோ எதிரிகள் அல்ல. அவை இந்த மண்ணில் ஏழை சனத்தின் கையைப் பிடித்து நாடி பார்த்த வைத்தியங்கள். பட்டம் பெற்று, ஊர் ஊராகச் சின்ன மருந்தகங்களில் உட்கார்ந்து நேர்மையாக வேலை செய்கிற எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் வரிசை இல்லை. வரிசை வானுக்குப் பின்னால் நிற்கிறது. அவர்களுடைய பெயரைக் கெடுப்பது ஆங்கில வைத்தியம் அல்ல, அந்த வான்தான். அதற்குச் சனம் சேர்த்துக் கொடுப்பது நம் விரல்.

நாங்கள் அந்தக் காமரங்காய்ச் செய்தியை மூன்று குழுமங்களுக்கு அனுப்பினோம் என்று மேலே சொன்னோமே. வாப்பா வீட்டுக்கு வந்த அன்றிரவு அந்த மூன்றிலும் நடந்ததை எழுதி, நாங்கள் அனுப்பியது பிழை, மன்னியுங்கள் என்று போட்டோம். வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த நாள் ஒரு ஆசிரியை தனியாக எழுதினார். அவருடைய மாமாவுக்கும் சிறுநீரக வருத்தமாம், நாங்கள் அனுப்பியதைப் பார்த்துப் பழம் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்களாம், இன்னும் பிழியவில்லையாம்.

வளவில் மரம் இன்னும் நிற்கிறது. வெட்டச் சொன்னார்கள், வெட்டவில்லை. பிள்ளைகள் எப்போதாவது உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஒன்றைத் தின்பார்கள். வாப்பா சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். "எனக்கு ஒரு துண்டு?" என்று பகிடிக்குக் கேட்பார். சின்னவள் ஓடிப்போய் கிளினிக் கொப்பியைத் தூக்கிக் காட்டுவாள்.

உங்கள் வீட்டு வாப்பா, உம்மாவின் கொப்பியையும் இன்றைக்கு ஒருக்கால் திறந்து பாருங்கள். துஆவில் எங்கள் வாப்பாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.